தகவல்: அச்சிட்டவர்

பாரிசில் இருந்த அந்த ஒரு வாரமும் நான் முழுதாக விழித்திருந்தேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். உடம்பு திருச்சி நேரத்திலேயே நின்றுவிட்டது. மத்தியானம் கண் செருகும், விடியற்காலையில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு படுத்திருப்பேன். நவம்பர் மாதம் வேறு. வெளிச்சம் காலையில் தயங்கித் தயங்கி வந்துவிட்டு, சாயங்காலத் தேநீருக்கு முன்பே கிளம்பிவிடும். மிச்ச நேரமெல்லாம் ஒரு சாம்பல் நிறம். அதற்குள் மனிதர்கள் கறுப்பு மேலங்கிகளோடு தோன்றுவார்கள், மறைவார்கள்.

ஈஃபில் கோபுரத்தைப் பார்த்தாயா என்று ஊரில் கேட்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தேன், மேல் பாதி மேகத்துக்குள் இருந்தது. என் வேலை லாச்சப்பலில், ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த பகுதி. அதுவும் ஓர் அச்சகத்தின் பின்னறையில்.

நான் ஒரு கல்லூரி நூலகர். நாங்கள் சில நூலகர்கள் சேர்ந்து, நூலகங்கள் கண்டுகொள்ளாத அச்சுப்பொருள்களை மின்வடிவில் சேர்த்து வருகிறோம். துண்டறிக்கை, விழா அழைப்பிதழ், கடைக் காலண்டர் இப்படி. இந்த முறை கல்வெட்டு. எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்றால் கோயில் சுவர்தான் ஞாபகம் வரும். யாழ்ப்பாணத்தாருக்கு அது ஒரு சிறு புத்தகம். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளின் புலம்பல் பாட்டு, கடைசியில் வம்சாவளி. யாருக்கு யார் மகன், யார் மருமகள், யார் எந்த நாட்டில் என்று எல்லாம் அந்தக் கடைசிப் பக்கங்களில் இருக்கும். எந்த அரசாங்கமும் அவர்களுக்கு எழுதி வைக்காத குடும்ப வரலாறு அது.

அங்கே ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் அச்சகம் வைத்திருக்கும் யோகராசா அண்ணன், தான் இத்தனை காலம் அடித்த கல்வெட்டுகளின் கணினிக் கோப்புகளை எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். அறுபதை நெருங்கும் ஆள். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுவார்.

"வாங்கோ தங்கச்சி. குளிர் பிடிச்சுதோ? முதல்ல ஒரு தேத்தண்ணி குடியுங்கோ" என்று வரவேற்றார். பிறகு பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே வரிசையாக ஹார்ட் டிஸ்குகள். "செத்த ஆக்கள் எல்லாரும் இதுக்குள்ளைதான் கிடக்கினம்."

அவ்வளவு பேரும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள். டின்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதற்குள் ரோல்ஸ் வாங்கிவர ஆள் அனுப்பிவிட்டார்.

பின்னறையில் ஒரு ஜன்னல். தெருக்கோடியில் மெட்ரோ தரையை விட்டு மேலேறி, இரும்புத் தூண்களின்மேல் ஓடுவது அதன் வழியே தெரியும். இருட்டிய பிறகு ரயில் போகும்போது அதன் வெளிச்சம் சுவரில் விழுந்து, என் திரையில் இருக்கும் பெயர்கள்மீது நகர்ந்துவிட்டுப் போகும். கோப்புகளைப் பிரதி எடுக்கக் கொடுத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேலை செய்தது கணினிதான், நான் பெரும்பாலும் ரயில் பார்த்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நூலகத்தில் பட்டியல் அட்டைகள் இருந்தன. ஒரு பெயரையும் இன்னொரு பெயரையும் இணைத்து 'இதையும் காண்க' என்று எழுத ஒரு மனிதர் வேண்டும். அவர் இரண்டு புத்தகங்களையும் புரட்டுவார், சந்தேகப்படுவார், காப்பி குடிக்கப் போய்விட்டு வந்து மறுபடியும் சந்தேகப்படுவார். இப்போது ஒரு மென்பொருள் பக்கங்களைப் படிக்கிறது. இன்னொன்று பெயர்களைப் பொறுக்கி, யாருக்கு யார் என்ன உறவு என்று கோடு போடுகிறது. ஒரே மத்தியானத்தில் லாச்சப்பல் முழுவதற்கும் உறவு கட்டிவிட்டது. அதற்குச் சந்தேகமே வராது. அதுதான் எனக்குச் சந்தேகம்.

முதல்நாள் முடிவுகளை ஒரு சோதனைப் பக்கத்தில் ஏற்றி, கீழே என் தொலைபேசி எண்ணையும் போட்டேன். பிழை இருந்தால் மக்கள் சொல்லட்டும் என்பது இப்போது எங்கள் வேலைமுறை. யோகண்ணன் உற்சாகத்தில் அந்த இணைப்பைத் தனக்குத் தெரிந்த எல்லா வாட்சப் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டார். அன்றிரவு தங்கியிருந்த அறையில் கொத்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன். அந்த நிம்மதி மறுநாள் காலை வரைக்கும்தான்.

காலையில் கடைக்குள் வேகமாக ஒருவர் வந்தார். ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு பை, பையில் மீன். புறநகரில், எபினேயில் மீன் கடை வைத்திருக்கிறாராம், பெயர் ஞானசீலன்.

"ஆர் இஞ்சை இந்தியாவிலயிருந்து வந்த ஆள்? எனக்கு எத்தினை மனிசி எண்டு உங்கட கம்பியூட்டர் சொல்லுது, ஒருக்கா நீங்களே பாருங்கோ."

பார்த்தேன். ஞானசீலன் என்ற பெயரிலிருந்து கோடுகள் நாலா பக்கமும் போயின. சுன்னாகத்தில் ஒரு குடும்பத்துக்கு மருமகன், பருத்தித்துறையில் ஒரு குடும்பத்துக்கு மருமகன், முல்லைத்தீவில் ஒன்று, மட்டக்களப்பில் ஒன்று. எல்லாவற்றிலும் 'பாசமிகு மருமகன் ஞானசீலன் (பிரான்ஸ்)'. மனிதர் ஊர் ஊராகப் போய்க் கல்யாணம் செய்திருந்தார்.

"எனக்கு ஒரு மனிசிதான். அவவையே சமாளிக்க ஏலாமல் கிடக்கு. இரவு முழுக்க இதைப் பாத்துப் பாத்துச் சிரிச்சுக்கொண்டிருந்தவ. சிரிச்ச பிறகு கேட்டா, இதில ஒண்டாவது உண்மையோ எண்டு."

யோகண்ணன் திருதிருவென்று விழித்தார். பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அது வந்து தங்கச்சி, நான் ஒவ்வொரு முறையும் புதுசா அடிக்கிறேல்லை. பழைய ஃபைலுக்கு மேலைதான் அடிக்கிறது. இவர் ஞானசீலன்ரை மாமனாருக்கு அடிச்ச ஃபைல் நல்ல வடிவான ஃபைல். அதில இந்த வரி படத்துக்குக் கீழை சின்ன எழுத்தில ஒளிச்சுக் கிடந்திருக்கு. நான் கவனிக்கேல்லை."

செத்த வீட்டு அவசரத்தில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. சிலர் பேனாவால் அடித்திருக்கிறார்கள். சிலர் யாரோ தூரத்து உறவு என்று நினைத்து விட்டுவிட்டார்கள். ஞானசீலனைத் தெரியாத குடும்பங்கள் அவர் பெயரிலும் ஒரு புலம்பல் வரி பாடியிருக்கின்றன.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஆவணத்தில் கை வைக்கக் கூடாது. தப்பாக இருந்தாலும் தப்பாகவே இருக்கட்டும். ஆனால் பக்கத்தில் குறிப்பு எழுதலாம், குறிப்புக்குக் கீழே யார் சொன்னது என்று போட வேண்டும். அப்படி எழுதினால் மென்பொருளும் அதை மதித்துக் கோட்டை அழித்துவிடும். நான் தட்டச்சு செய்தேன். 'ஞானசீலன் இக்குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர். முந்தைய கோப்பிலிருந்து தங்கிவிட்ட பெயர். தகவல்: அச்சிட்டவர்.' ஒவ்வொரு கல்வெட்டாகக் குறிப்பைச் சேர்க்கச் சேர்க்கக் கோடுகள் மறைந்தன. கடைசியில் ஒரே ஒரு மனைவி மிஞ்சினார். ஞானசீலன் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து உடனே வீட்டுக்கு அனுப்பினார். மீன் பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மீனோடு நான் விடுதிக்குப் போய் என்ன செய்வது? மத்தியானம் யோகண்ணன் வீட்டில் குழம்பாகி அது திரும்பி வந்தது. புளி கொஞ்சம் தூக்கல், ஆனாலும் பாரிசில் நான் சாப்பிட்டதிலேயே அதுதான் முதல் இடம்.

ஞானசீலன் கதை குழுக்களில் பரவிவிட்டது. அன்று மாலை ஒரு தொலைபேசி வந்தது. பெண் குரல், தாழ்ந்த குரல்.

"அக்கா, என்ரை பேர் வதனி. கார்ஜில இருக்கிறன். நாகலிங்கம் எண்டவற்றை கல்வெட்டு உங்கட பக்கத்தில இருக்கு. அதில நான் இல்லை. நான் அவற்றை மகள்."

குரலை இன்னும் தாழ்த்தினார். "யோகராசா என்ரை அண்ணை. இப்ப பக்கத்தில நிக்கிறாரெண்டால் ஒண்டும் சொல்லாதேங்கோ."

பக்கத்தில்தான் நின்றார், காகிதக் கட்டு ஒன்றைப் பிரித்துக்கொண்டு. நான் "சரி, சரி" என்று மட்டும் சொல்லி வைத்தேன். வதனி மறுநாள் தன் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார். நமக்கேன் குடும்ப வம்பு என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம், என் பட்டியலில் ஒரு பெண் இல்லாமல் போயிருக்கிறாள் என்றால் எனக்குத் தூக்கம் வராது. எப்படியும் வரப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

புறநகரான கார்ஜுக்கு, கார் து நோர் நிலையத்திலிருந்து ஆர்.ஈ.ஆர். டி என்ற ரயில். நேர்ப்பாதை, குழந்தைகூடப் போய்விடும். நான் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். கனவில் பழைய மர இழுப்பறைகள், உள்ளே அட்டைகள். ஒவ்வோர் அட்டையாகப் புரட்டுகிறேன், எல்லாவற்றிலும் ஞானசீலன். கண் விழித்தபோது ரயில் காலியாக இருந்தது, வெளியே ஒரே காடு. ஓரி லா வீல் என்று ஒரு நிலையம். கார்ஜ் எப்போதோ போயிருந்தது. நம்மூர் பஸ் என்றால் பக்கத்து சீட்டுக்காரர் தோளில் தட்டி, இறங்க வேண்டிய இடத்தைக் கேட்டு, கண்டக்டரையும் திட்டியிருப்பார். இங்கே தூங்குகிறவரை எழுப்புவது மரியாதை இல்லைபோலும்.

நடைமேடையில் பனி. மரங்களின் கீழ்ப்பாதி மட்டும் தெரிந்தது. பெஞ்சில் ஒரு பெரியவர் மடியில் கூடையோடு இருந்தார், கூடை நிறையக் காளான். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் எதிர்த் திசையைக் கையால் காட்டினேன். அவர் தலையசைத்து ஏதோ நீளமாகச் சொன்னார். "ரயில் வரும். எப்போது என்று தெரியாது. ஆனால் வரும்" என்று நானே தமிழாக்கிக்கொண்டேன். வந்தது. காட்டுக்கு நடுவே அப்படி உட்கார்ந்திருந்த நேரம் எவ்வளவு என்று தெரியவில்லை. ஊரிலும் இல்லை, பாரிசிலும் இல்லை, எந்தப் பட்டியலிலும் இல்லாத ஓர் இடம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

கார்ஜில் வதனி நிலையத்து வாசலிலேயே நின்றார். ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல் வேலை. அடுக்குமாடியின் மேல்தளத்தில் வீடு. கதவைத் திறந்தவர் அவர் கணவர் இப்ராஹிம், மாலி நாட்டுக்காரர். நகரப் பேருந்து ஓட்டுகிறார். ஆறடிக்குமேல் உயரம். "வாங்கோ. இருங்கோ. சாப்பிடுங்கோ" என்று தனக்குத் தெரிந்த தமிழை வரிசையாகச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மேசையில் பிட்டு. அதற்குத் தொட்டுக்கொள்ள மாலி நாட்டு நிலக்கடலைக் குழம்பு. இது என்ன சேர்மானம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாம் முறை நானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். திருச்சிக்கு வந்து செய்து பார்த்தேன், அப்படி வரவில்லை.

சாப்பிட்ட பிறகு வதனி சொன்னார். இப்ராஹிமைக் கட்டியதும் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. அப்பா நாகலிங்கம் அப்போது யோகண்ணனோடு இருந்தார். பிறகு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, ஆஸ்பத்திரியில் இறந்தார். எரிக்கும் இடத்துக்கு வதனி தனியாகப் போய்க் கடைசி வரிசையில் நின்றார்.

"அந்தியேட்டிக்கும் போனன் அக்கா. என்னைத் தெரியாத ஒரு பொடியன் கல்வெட்டு ஒண்டைக் கையில தந்தான். ரயிலுக்குள்ளை வச்சு வாசிச்சன். ஒரேயொரு மகனாம். பேரப்பிள்ளையள் எண்டும் அண்ணைன்ரை பிள்ளையள் மட்டும்தான்."

இப்ராஹிம் எழுந்துபோய்த் தேநீர் வைத்தார். அவருக்கு வார்த்தை புரியாவிட்டாலும் கதை தெரியும்.

"அது போகட்டும் எண்டுதான் இருந்தனான். இப்ப என்ரை மகள் யூனிவர்சிட்டில படிக்கிறாள். உங்கட பக்கத்தில தாத்தான்ரை பேரைப் போட்டுத் தேடியிருக்கிறாள். அவருக்குக் கீழை நானும் இல்லை, அவளும் இல்லை. என்னைக் கேட்டாள், பிரெஞ்சிலதான் கேட்டாள், அம்மா, அவர் உண்மையா உங்கட அப்பாதானோ எண்டு."

கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு குடும்பம் காகிதத்தில் செய்ததை என் மென்பொருள் உலகத்துக்கே சொல்லிக்கொண்டிருக்கிறது, அதுவும் எந்தச் சந்தேகமும் இல்லாமல். காகிதமாக இருந்தவரை அது சில அலமாரிகளில் மஞ்சளாகிக் கிடந்தது. இப்போது பெயரைத் தட்டினால் வந்து நிற்கிறது.

பிறப்புச் சான்றிதழ் இருந்தால் போதும், மகள் என்று குறிப்பு எழுதிவிடலாம் என்றேன்.

"பப்பியே, பத்திரம் எல்லாம் இருக்கு அக்கா. பப்பியேயில நான் எப்பவும் மகள்தான். எனக்கு அது வேண்டாம்." தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். "ஞானசீலனுக்கு நீங்கள் எழுதினதைப் பாத்தனான். தகவல் அச்சிட்டவர் எண்டு போட்டிருக்கிறியள். எனக்கும் அப்பிடித்தான் வேணும். ஏன் என்ரை பேர் அதில இல்லை எண்டு அண்ணை தன்ரை வாயால சொல்ல வேணும். உறவில்லாத ஆளுக்குச் சொன்னவர், எனக்குச் சொல்லக் கூடாதோ?"

எழுந்து மேலங்கியைப் போட்டுக்கொண்டேன். திரும்பும்போது தூங்கவில்லை.

மறுநாள் கடையில் வேலை மும்முரம். வன்னியிலிருந்து புதிதாக வந்த ஒருவர் விசிட்டிங் கார்டுக்கு நின்றார். ஒரு பெண், மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், ரோந்தேவு நேரம் குறித்திருக்கிறது, அதற்குள் நகல் வேண்டும் என்று அவசரப்பட்டார். கூட்டம் குறைந்ததும் வாயைத் திறந்தேன். வதனி வீட்டுக்குப் போனேன் என்றேன். யோகண்ணன் கையில் இருந்த கத்தரிக்கோல் நின்றது.

"சாப்பிட்டியளோ?" என்றார் கடைசியில்.

"பிட்டு."

"அவ நல்லா அவிப்பா" என்றார். பிறகு இயந்திரத்தைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் பேச முடியாது. அதற்காகத்தான் போட்டார் என்று நினைக்கிறேன். கடை மூடும்வரை அது ஓடியது. என்ன அடித்தார் என்று பார்த்தேன், வெறும் தாள்கள்.

அன்று ஊருக்குப் பேசினேன். எங்கள் குழுவில் மூத்தவரான தோழி, "சான்றிதழை வாங்கிக் குறிப்பைப் போட்டுவிட்டு வா. நாம் நூலகர்கள், சமாதானத் தூதர்கள் இல்லை" என்றாள். சரியான பேச்சு. ஆனால் இதே தோழிதான் பயிற்சி வகுப்புகளில், ஒரு பொருளை விவரிக்கும்போது அதில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள், என்ன விடப்பட்டது, யார் விட்டார் என்றும் கேளுங்கள் என்று மேசையைத் தட்டிச் சொல்வாள். அதைச் சொல்லிக் காட்டினேன். தொலைபேசியை வைத்துவிட்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள். மழை. கோப்புகள் எல்லாம் பிரதி எடுத்தாகிவிட்டது. நாகலிங்கத்தின் பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தேன். வழுவழுப்பான அட்டை, நரைத்த மீசை, நேரான பார்வை. யோகண்ணன் என் பக்கம் வராமலே கடையைச் சுற்றிச் சுற்றி வேலை செய்தார். நாலு மணி போல, வெளிச்சம் கிளம்பும் நேரத்தில், கதவு மணி ஒலித்தது.

வதனி. குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வராமல் நின்றார். அண்ணன் கடைக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்.

"தங்கச்சி, உங்களுக்கு ஆரோ வந்திருக்கினம்" என்றார் யோகண்ணன். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். என்னைத் தங்கச்சி என்று அவர் கூப்பிட்டதை வதனி கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வேறு வழியில்லை. நாற்காலி ஒன்றைத் திரைக்கு முன் இழுத்துப் போட்டு வதனியை உட்கார வைத்தேன். "அண்ணா, நாகலிங்கம் ஐயா பக்கத்தில் ஒரு குறிப்பு எழுத வேண்டும். மகள் வதனியின் பெயர் இதில் இல்லை. ஏன் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றேன். என் குரல் தேர்வு நடத்துகிற ஆள் மாதிரி இருந்தது.

அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார், இறக்கினார். "அச்சுப் பிழை எண்டு போடுங்கோ."

"அச்சுப் பிழையெண்டால் எனக்கு வேண்டாம்" என்றார் வதனி. "ஞானசீலன் பிழையில வந்தவர். நான் பிழையில போகேல்லை."

ஜன்னலுக்கு வெளியே ஒரு ரயில் போயிற்று. வெளிச்சம் சுவரில் நகர்ந்து, திரையில் இருந்த மீசைக்காரரைத் தொட்டு, போய்விட்டது.

"ஆக்கள் கதைப்பினம் எண்டு…" அவர் முடிக்கவில்லை.

"அப்பா சொன்னவரோ?" வதனி அண்ணனை முதல்முறையாக நேராகப் பார்த்தார். "அதைச் சொல்லு அண்ணை. அப்பா என்ரை பேரைப் போட வேண்டாம் எண்டு சொன்னவரோ? இவ்வளவு காலமும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறன். ஓமெண்டால் ஓமெண்டு எழுதட்டும். நான் எழும்பிப் போறன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் கேட்க வந்தது பெயரை அல்ல.

யோகண்ணன் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தார். தன் கைகளைப் பார்த்தார். விரல்களில் மை.

"இல்லை" என்றார். "அப்பா ஒண்டும் சொல்லேல்லை. வாதம் வந்ததோட அவருக்குக் கதை நிண்டு போச்சு. எப்பிடிச் சொல்லுவார்? நான்தான் விட்டனான். அந்தியேட்டிக்கு வாற சனத்துக்குப் பயந்து நான்தான் உன்ரை பேரை எடுத்தனான். பிறகு கேட்ட ஆக்களுக்கு அப்பா சொன்னவர் எண்டு சொல்லிப்போட்டன். அது எனக்குச் சுகமாயிருந்தது."

வதனி அழவில்லை. குடையின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "கடைசியில என்னைத் தேடினவரோ?"

"கதை இல்லைத்தானே. கதவைப் பாத்தபடி கிடந்தவர். ஆர் வந்தாலும் திரும்பிப் பாப்பார். அது உன்னைத் தேடித்தானோ எண்டு எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டன்."

அந்தப் பதிலுக்காக அவரை எனக்குப் பிடித்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் வதனி நம்பியிருக்க மாட்டார். தெரியாது என்றதால் மற்றதெல்லாம் உண்மையாயிற்று.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். கடைக்காரர் குரல் திரும்பி வந்துவிட்டது, வாடிக்கையாளரிடம் வரி சரி பார்க்கும் குரல். "எழுதுங்கோ. மகள் வதனியின் பெயர் அச்சிட்டவரால் நீக்கப்பட்டது. இறந்தவரின் விருப்பம் அல்ல. மருமகன்…" வதனியைப் பார்த்தார். "அவற்றை முழுப்பேர் என்ன?"

வதனி சொன்னார். அவர் ஒவ்வோர் எழுத்தாக என்னை அடிக்கச் சொன்னார். பேத்தியின் பெயரையும் கேட்டு வாங்கினார். நான் அடித்தேன். அப்பா கதவைப் பார்த்துக் கிடந்ததை எழுதவில்லை. அதைப் பட்டியலில் வைக்க எந்தக் கட்டமும் இல்லை, இருக்கவும் வேண்டாம். கடைசி வரிக்கு வந்ததும் வழக்கப்படி 'தகவல்: அச்சிட்டவர்' என்று போட்டேன்.

"அதுக்குப் பக்கத்தில, மகன் எண்டும் போடுங்கோ" என்றார்.

போட்டேன். சேமித்தேன். மென்பொருள் கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி நின்றது. நாகலிங்கம் என்ற பெயரிலிருந்து மெதுவாக ஒரு கோடு கீழே இறங்கியது. அதன் முனையில் வதனி, பக்கத்தில் இப்ராஹிம், இன்னும் கீழே பேத்தி. வெளியே முழுக்க இருட்டிவிட்டது. மழையில் தெருவிளக்குகள் கரைந்து கிடந்தன. நான் விழித்திருக்கிறேனா என்று ஒரு தரம் என்னையே கேட்டுக்கொண்டேன்.

வதனி கைப்பேசியை எடுத்தார். "மகளுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பட்டோ அக்கா?"

"பொறு வதனி" என்றார் யோகண்ணன். "திரையெல்லாம் தூசி."

எழுந்து வந்து, தன் சட்டைக் கையை இழுத்து விரல்களுக்குமேல் விட்டுக்கொண்டு, அந்தக் கோடு தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை துடைத்துவிட்டார்.